கொதிக்கும் சாம்பாரும் பாலித்தீன் கவரும்

பொழுது சாயும் நேரத்தில் பார்சல் வாங்க நின்று பாருங்கள். ஆவி பறக்கும் சாம்பாரை ஒரு கரண்டி அள்ளி, மெல்லிய பாலித்தீன் கவரில் ஊற்றி, ஒரே சுழற்றில் நூலைச் சுற்றி முடிந்துவிடுவார் கடைக்காரர். அழகான கைவேலைதான். ஆனால் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் டீ கப், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. தூக்குவாளியை நீட்டினால் சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், நீட்டுங்கள்.

குப்பை பெருகுகிறதே என்று வந்த தடை அது. நான் சொல்ல வருவது வயிற்றுக்குள் போவதைப் பற்றி.

தைராய்டும் கணையமும் சூலகமும் சுரக்கும் ஹார்மோன்கள் இம்மியளவிலேயே உடம்பை ஆட்டிவைப்பவை. வெளியிலிருந்து ஒரு வேதிப்பொருள் நுழைந்து ஹார்மோன் போல நடித்தாலோ, அதன் வேலையை மறித்தாலோ, கணக்குக் குழம்பும். 'பிஸ்ஃபீனால் ஏ' (பிபிஏ) அப்படிப்பட்ட ஒன்று. 1936-இல் லண்டன் ஆய்வாளர் எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ், இது ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படுவதைக் கண்டு சொன்னார். சுமார் இருபது ஆண்டு கழித்து அதே பொருளிலிருந்து பாலிகார்பனேட் பிளாஸ்டிக் சந்தைக்கு வந்தது. தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்ல வழியே இல்லை.

2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பிஸ்ஃபீனால் ஏ-வை ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவை முன்பிருந்ததில் இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. உணவு படும் பொருட்களில் இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடையும் விதித்தது. நம் நாட்டில் பால்புட்டிகளுக்கான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) தரநிலை இதை அனுமதிப்பதில்லை. பால்புட்டி வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அந்தக் காவல் இல்லை.

ஒரு வேளை சாம்பார் கவரில் வந்ததால் நோய் வந்துவிடாது. தினமும் சிறுகச் சிறுக உள்ளே போவதுதான் கவலை. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளைப் பெற்றவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நல்ல சேதி, பிஸ்ஃபீனால் ஏ உடம்பில் தங்குவதில்லை, பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். சான்பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள் மட்டும் டப்பா உணவை நிறுத்தி, பிளாஸ்டிக் படாத புதுச் சமையலைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் அதன் அளவு சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. 2011-இல் வெளியான ஆய்வு அது.

ஆகவே வீட்டையே காலி செய்ய வேண்டாம். சூடும் எண்ணெயும் பிளாஸ்டிக்கைத் தொடும் இடங்களை முதலில் பாருங்கள். பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவை எவர்சில்வருக்கு மாற்றுங்கள். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம். எண்ணெயும் உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் ஊறும் ஊறுகாய்க்குப் பாட்டி வைத்திருந்த பீங்கான் ஜாடியே சரி. தண்ணீர் கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண்ணும் 'பிசி' என்ற எழுத்துகளும் இருந்தால் அது பாலிகார்பனேட். வெயிலில் காய்ந்த கேனை வாங்காதீர்கள்; வந்த தண்ணீரைக் குடத்துக்கோ மண்பானைக்கோ மாற்றிவிடுங்கள். 'பிபிஏ இல்லை' என்ற விளம்பரத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அதற்குப் பதிலாகப் பல இடங்களில் வந்தது 'பிஸ்ஃபீனால் எஸ்'. அதுவும் ஹார்மோன்களோடு விளையாடுவதுதான்.

குளியலறைக்கும் இதில் பங்குண்டு. கிரீம், பவுடர், ஷாம்பு உறையில் 'பாராபென்' என்று முடியும் பெயர்களைத் தேடுங்கள்; ஹார்மோன் கணக்கைக் குழப்பக்கூடியவை அவையும். உள்ளடக்கப் பட்டியலை அச்சிடுவது கட்டாயம், படிப்பது உங்கள் உரிமை. 'வாசனை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அதே வகையைச் சேர்ந்த தாலேட்டுகள் ஒளிந்திருக்கலாம் என்பதால், குழந்தைக்கு வாசனையில்லாததே மேல். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தரையை ஈரத் துணியால் துடைப்பதும் உதவும். இந்த வேதிப்பொருட்கள் வீட்டுத் தூசியிலும் படிகின்றன.

கடையில் தரும் வழுவழுப்பான பில் தாளிலும் பிஸ்ஃபீனால் பூச்சு இருக்கலாம். சானிடைசர் தடவிய கையால் பிடித்தால் தோலுக்குள் கூடுதலாக இறங்கும். ஆனால் பில் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் சாட்சி. அதிலுள்ள எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் வாங்கியதும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

சூடான உணவைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தந்தாலோ, எண்ணெய்ப் பலகாரத்தைச் செய்தித்தாளில் மடித்தாலோ, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் அனுப்பலாம். செய்தித்தாளில் உணவு பொதிவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளிலேயே தடை உண்டு. உறையில் பொய் சொல்லி விற்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.