குளுவாங் கடையை யார் பார்த்தது?

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் என் பாட்டியைப் பூன் லேயில் உள்ள ஒரு மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றேன். நிரப்பக் கொடுத்த படிவத்தில் 'முன்னாள் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மாவைத் தொலைபேசியில் கேட்டேன். "இல்லத்தரசின்னு போடு" என்றார். அப்படியே எழுதினேன். என்ன எழுதினாய் என்று பாட்டி கேட்க, படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப குளுவாங் கடைய யாருப்பா பாத்தது?" என்றார்.

1960களில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் நகரில் தாத்தாவுக்கு ஒரு கடை இருந்தது. கீழே சாப்பாடு, மேல்மாடியில் வாடகைக்கு நான்கு அறைகள். பெயர்ப்பலகையிலும் உரிமத்திலும் தாத்தாவின் பெயர்தான். ஆனால் யாருக்கு எந்த அறை, யார் பாக்கி, நாளைக்கு எத்தனை படி அரிசி என்பதெல்லாம் பாட்டியின் கையில். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆயினும் அதைத் 'தொழில்' என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

பாட்டியின் கேள்வி என்னை விடவில்லை. பாட்டிக்கும் ஒரு தலைமுறை முன்னால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறு நகரங்களில் விடுதி நடத்திய பெண்களைப் பற்றித் தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் முதலில் கொண்டுபோய் நிறுத்திய ஊர், இலங்கையின் தென்கோடியில் உள்ள காலி.

காலிக்கும் நம் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1845 ஆகஸ்ட் 4ஆம் தேதி 'லேடி மேரி வுட்' என்ற பி அண்ட் ஓ நிறுவனத்தின் அஞ்சல் கப்பல் முதன்முறையாகச் சிங்கப்பூர் வந்தது. அந்தக் கடல்வழியில் காலி முக்கியமான துறைமுகம். கப்பல் மாறக் காத்திருந்த பயணிகளுக்குத் தங்குமிடம் தேவைப்பட்டது. டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் ஒரு பழைய கட்டடத்தில் 1860களில் ஓரியண்டல் ஹோட்டல் எழுந்தது. பின்னர் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டி முடிக்கப்பட்டதும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலி அமைதியான சிறு நகரமாயிற்று. விடுதி மட்டும் நின்றது.

நூற்றாண்டு திரும்பிய காலத்தில் அது எப்ராம்ஸ் என்ற பறங்கியர் குடும்பத்திடம் வந்தது. 1905இல் அந்த விடுதியின் 25ஆம் எண் அறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர்தான் நெஸ்டா புரோகியர். அவருக்கு ஆறு வயதானபோது, 1911இல், சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்ட செங் ஹோவின் கல்வெட்டு அதே ஊரில் கண்டெடுக்கப்பட்டது. தமிழ் மாணவர்களாகிய நாம் காலியை அந்தக் கல்லால் அறிவோம். நெஸ்டாவை அறிய மாட்டோம். பிறந்த விடுதியையே அவர் 1960 முதல் 1995 வரை நிர்வகித்தார். இன்று அந்தக் கட்டடம் 'அமன்கல்லா' என்ற சொகுசு விடுதியாக இருக்கிறது.

அமெரிக்காவில் இதுபோல் இன்னொருவர், நெல்லி காஃப்மன். கலிபோர்னியாவின் பாலைவனச் சிற்றூராக இருந்த பாம் ஸ்பிரிங்ஸில் 1909இல் 'டெசர்ட் இன்' விடுதியைத் தொடங்கினார். கணவர் மருத்துவர்; விடுதி நெல்லியின் பொறுப்பு. 1950இல் இறக்கும்வரை அதை அவர் விடவில்லை.

சிறு நகர விடுதிகள் ஏன் பெண்களின் கைக்கு வந்தன? எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று. முதலாவது, பணம். விருந்தினர் நிச்சயமில்லாத ஊரில் சம்பளத்துக்கு மேலாளர் வைத்துக் கட்டுப்படியாகாது. குடும்பம் அங்கேயே குடியிருந்தால் அந்தச் செலவு மிச்சம். இரண்டாவது, பயிற்சி. சமையல், சரக்கறை, துணி வெளுப்பு, வேலையாட்களை மேய்ப்பது ஆகியவற்றைப் பெண்கள் சிறு வயதிலேயே கற்றிருந்தார்கள். மூன்றாவது, நம்பிக்கை. ஒரு குடும்பத்துப் பெண் பொறுப்பாக இருக்கும் விடுதியில் மனைவி மக்களோடு தங்கப் பயணிகள் தயங்கவில்லை.

வேலை எளிதன்று. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று ஊகித்துச் சமைக்க வேண்டும். கூடினால் நட்டம்; குறைந்தால் அவப்பெயர். குளுவாங்கில் மாலை ரயிலிலிருந்து பெட்டியோடு இறங்குபவர்களை எண்ணிவரப் பையனை அனுப்பிவிட்டுத்தான் பாட்டி அரிசி களைவாராம். இன்று விருந்தோம்பல் துறை மாணவர்கள் இதைத் 'தேவை முன்கணிப்பு' என்று பாடமாகப் படிக்கிறார்கள்.

இத்தனையும் செய்தவர்களுக்குக் கிடைத்த பெயர் என்ன? நெல்லியை ஊரார் 'மதர் காஃப்மன்' என்று அழைத்தார்கள். பாட்டியைக் குளுவாங்கில் 'முதலாளியம்மா' என்றார்கள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். கடையின் சொந்தக்காரியும் முதலாளியம்மாதான். முதலாளியின் மனைவியும் முதலாளியம்மாதான். இரண்டுக்கும் வேறுபாடு காட்ட நம் மொழி முயலவே இல்லை.

மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சத்திரம் இன்றும் ராணி மங்கம்மாள் பெயரைத் தாங்கி நிற்கிறது. அறம் செய்த அரசிக்குக் கிடைத்தது, அன்றாடம் கணக்குப் பார்த்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. நாம் தினமும் இறங்கும் பூன் லே நிலையத்துக்கும் சியூ பூன் லே என்ற வணிகரின் பெயர்தான்.

சட்டம் இதில் ஓரளவு முன்னேறியிருக்கிறது. சிங்கப்பூரில் 1961இல் மாதர் சாசனம் வந்தது. இன்று மணமுறிவின்போது சொத்தைப் பிரிக்கும் நீதிமன்றம், துணையின் தொழிலுக்கு ஒருவர் செய்த உதவியையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் மணவாழ்க்கை முறிந்தால்தான் அந்தக் கணக்கு எழுதப்படுகிறது. கடைசிவரை சேர்ந்து வாழ்ந்த பாட்டிக்கு அதை எழுத வேண்டியவர்கள் நாங்கள்தான்.

அடுத்த முறை மருந்தகத்துக்குப் போனபோது படிவத்தைக் கேட்டு வாங்கித் திருத்தினேன். 'விடுதி, உணவக நிர்வாகி' என்று எழுதிப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். "சம்பளம் எவ்வளவுன்னு ஒரு கட்டம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு" என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு முதலாளியம்மா இருக்கலாம். தேர்வு முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். கேட்டதைப் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள்.