நான்கெல்லைக் கூற்றும் முன்னோர் நிலமும்: ஆரணி வட்டாரத்தை முன்வைத்து

ஆரணியாற்றுப் படுகையில் முன்னோர் நிலத்தைத் தேடுவோர் பெரும்பாலும் தம் குடும்பப் பத்திரத்தையே தேடுகின்றனர். அது அழிந்திருப்பினும், அண்டை நிலத்துப் பத்திரத்தின் எல்லைக் கூற்றில் பாட்டனார் பெயர் எஞ்சியிருக்கக்கூடும். ஆயின், 'இன்னார் நிலத்துக்கு வடக்கு' என்னும் தொடர் வடவெல்லையைக் குறிப்பதன்று. விற்கப்பட்ட நிலம் அவர் நிலத்துக்கு வடக்கே உள்ளது. எனவே அவர் தென்னெல்லைக்காரர். இதனைப் பிறழ உணர்ந்தால் பாட்டனார் நிலம் எதிர்த்திசைக்குப் போய்விடும்.

இவ்வழக்குப் புதிதன்று. சோழர் கால ஆவணங்கள் கீழ்பாற்கெல்லையை ஒரு வாய்க்காலுக்கு 'மேற்கு' என்றே சுட்டும். இம்மாவட்டத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, முதலாம் இராசேந்திரன் காலத்தில் பழையனூரின் எல்லை பிடி சூழ்ந்து வரையறுக்கப்பட்டதை விரித்துரைக்கிறது.

பெயர் கிடைத்தபின் பைமாஷ் எண்ணிலிருந்து பழைய புல எண்ணுக்கும், அ-பதிவேட்டின் வழி இன்றைய உட்பிரிவுக்கும் வரவேண்டும். 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாதாரர் பெயர் பிழையாக ஏறியிருப்பின், எல்லைக் கூற்று அதனை மறுக்கும் துணைச் சான்றாகும்.

எல்லைக் கூற்றில் ஆட்பெயராக வருவோர் உடைமையாளரே. கூலிக்கு உழுதோர் 'சேரி' என்னும் இடப்பெயருள் மறைந்துவிடுவதால், அவர்தம் வழியினர்க்கு இம்முறை பெரிதும் உதவுவதில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதியிலோ வரப்பும் வண்டிப்பாதையும் மறைந்துவிட்டமையின், கள ஆய்வுக்குப் புலப்பட நூலையே நம்பவேண்டியுள்ளது.