குமுளி கடலில் கிடந்தால்

குமுளியில் ஒரு சாலையை சர்வே செய்து ஆட்டோகேடில் வரைந்த படம். அதை ஜிஐஎஸ் மென்பொருளில் திறக்கிறீர்கள். பின்னணியில் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, ஏலக்காய்த் தோட்டங்கள் தெரிகின்றன, சாலையை மட்டும் காணவில்லை. தேடிப் போனால் முல்லைத்தீவுக்குக் கிழக்கே, வங்கக் கடலின் நடுவில் கிடக்கிறது!

வரைந்தவர் தப்பு செய்யவில்லை. கேட் கோப்பில் x, y என்று எண்கள் இருக்கும். அவை எங்கிருந்து எண்ணியவை என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. உருண்டைப் பூமியைத் தட்டைத்தாளில் விரிக்கப் பல முறைகள் உண்டு. அவற்றுக்குப் புரொஜெக்‌ஷன் என்று பெயர். எந்த முறை என்று தெரியாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை. ஆனால் பேச்சு வழக்கை வைத்தே இன்ன ஊர்க்காரர் என்று சொல்வதுபோல, எண்களை வைத்தே அவற்றின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்று அதிகம் புழங்குவது யூடிஎம். இது உலகை 6 பாகை அகலத்தில் 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. கிழக்குத் தீர்க்கரேகை 72 முதல் 78 பாகை வரை 43ஆம் மண்டலம். கேரளம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். மண்டலத்தின் நடுக்கோடான 75 பாகைக்கு 5,00,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கிழக்கே போகப் போக எண் கூடும். அந்தக் கணக்கில் குமுளியின் x சுமார் 7,38,000. பூமத்திய ரேகையிலிருந்து அளக்கும் y சுமார் 10,62,000. பாலக்காடு நகரத்துக்கு 6,81,000, 11,93,000. பாலக்காடு, குமுளி இருக்கும் இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களிலுமே x ஆறு இலக்கம், y ஏழு இலக்கம். தலைகீழாக வந்தால் யாரோ இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

கடலில் விழுந்த கதைக்கு வருவோம். தேனியும் கம்பமும் 43இல்தான் இருக்கின்றன. மதுரை 78 பாகையைத் தாண்டிவிடுவதால் 44இல் இருக்கிறது. மதுரைப் படங்களுக்கு 44 என்றே போட்டுப் பழகிய கை, குமுளிக்கும் அதையே போட்டால் படம் அப்படியே 6 பாகை கிழக்கே நகரும். அங்கே இருப்பது கடல்.

அதே குமுளிக்கு மீட்டரில் x 24 லட்சம், y ஆறரை லட்சம் என்று வந்தால் அது பழைய இந்தியக் கட்டவலையின் நான்காம் மண்டலமாக இருக்கலாம். 12 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கில் தொடங்கும் கணக்கு அது. எங்கும் கழித்தல் குறி வரக்கூடாது என்று அந்தப் புள்ளிக்கே 30 லட்சம் கெஜம், 10 லட்சம் கெஜம் என்று எண் கொடுத்திருந்தார்கள். x 85.9 லட்சம் என்றால் இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர். 77.17, 9.60 என்றால் வெறும் பாகைகள்.

கடலில் விழும் படத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, தப்பு முகத்தில் அறைகிறது. பக்கத்தில் வந்து நிற்கும் படம்தான் பயமுறுத்துகிறது. இந்திய சர்வேயின் பழைய வரைபடங்கள் 1830இல் எவரெஸ்ட் என்ற அளவையாளர் கணக்கிட்ட பூமி வடிவத்தை நம்பியவை. ஜிபிஎஸ் நம்புவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு வடிவத்தை. இரண்டையும் குழப்பினால் இந்தப் பகுதியில் ஓரிரு நூறு மீட்டர் பிசகும். சமவெளியில் கிடக்கும் ஒரு வயல் பக்கத்து வயலுக்குப் போகும், அவ்வளவுதான். கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டிலோ வாளையாரிலோ வேறு மாநிலத்துக்கே போய்விடும். 2022 நவம்பர் 1 அன்று கேரளம் ‘என்டெ பூமி’ என்ற டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கியபோது தமிழ்நாட்டு எல்லையோர விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்ததை நினைத்துப் பார்த்தால், இங்கே நூறு மீட்டர் என்பது என்ன என்று புரியும்.

பிசகைச் சரிசெய்யப் படத்தை மவுஸால் பிடித்து இழுத்து ஒட்டவைக்கும் ஆட்கள் உண்டு. அது கூடாது. மென்பொருளில் இரண்டு கட்டளைகள் இருக்கும்: ஒன்று, இந்த எண்கள் இன்ன முறையைச் சேர்ந்தவை என்று பெயர் வைப்பது, மற்றது, எண்களையே வேறு முறைக்கு மாற்றுவது. முதலில் சரியான பெயர், பிறகுதான் மாற்றம். பெயர் தெரியாமலே மாற்றத்தைத் தட்டிவிட்டு அவதிப்படுபவர்கள்தான் அதிகம். பெயர் வைத்தபின் அசையாத ஒன்றோடு பொருத்திப் பாருங்கள். 1895 முதல் நின்ற இடத்திலேயே நிற்கும் முல்லைப் பெரியாறு அணையின் இரு முனைகள் நல்ல சாட்சி. வாளையார்ப் பக்கம் என்றால் ரயில் பாதை. சாலையை நம்ப வேண்டாம், அகலப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

எதற்கும் மசியாத படமும் உண்டு. எண்கள் 1000, 1000 என்று தொடங்கும். சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை ஒரு கல்மேல் நிறுத்தி, அதையே ஆயிரம் ஆயிரம் என்று வைத்துக்கொண்டு அளந்தது. இதற்குப் புரொஜெக்‌ஷனே கிடையாது, பட்டியல் முழுக்கத் தேடினாலும் அகப்படாது. மண்ணில் இன்றும் இருக்கும் இரண்டு மூன்று புள்ளிகளுக்கு ஜிபிஎஸ் அளவு எடுத்துப் படத்தை அவற்றோடு கட்ட வேண்டும். அடியா மீட்டரா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். படத்தின் மூலையில் அளந்தவரின் போன் எண் இருந்தால், இத்தனை பாடுபடுவதற்கு முன் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கலாம்: “அண்ணே, ஜிபிஎஸ் வச்சீங்களா, இல்ல ஆயிரம் ஆயிரமா?”