எண்ணி ஏறுக

நுழையும்முன்

மலைமுகட்டில் நின்று பள்ளத்தாக்கைக் காணும் இன்பம் பெரிது. எனினும், முகட்டை அடைவது பயணத்தின் ஒரு பாதியே. பகலொளி மறையுமுன் நலமாக இறங்கி வருவது மறுபாதி. இரண்டிற்கும் வேண்டிய ஏற்பாடுகளைப் புறப்படும் முன்னரே செய்துகொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில், தேனி மாவட்டத்தின் எல்லையை ஒட்டி அமைந்த காட்சிமுனை டாப் ஸ்டேஷன். மூணாறுப் பகுதியில் விளைந்த தேயிலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடர்வண்டியில் இங்குக் கொண்டுவரப்பட்டுக் கம்பிவடம் வழியே அடிவாரத்திற்கு இறக்கப்பட்டது. மேலேயிருந்த நிலையம் என்பதால் இப்பெயர் ஏற்பட்டது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் இருப்புப்பாதை அழிந்தது, பெயர் நிலைத்தது. அடிவாரச் சிற்றூரான குரங்கணியிலிருந்து இம்முனைக்கு ஏறும் வழியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பழந்தமிழர் வழிகாட்டல்

மலைவழிச் செல்வோருக்கு முன்னறிவிப்புத் தருவது தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுகிறது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியில் இருள் நீங்கிய பின்னரே செல்லுமாறும், பாம்புகள் உறையும் இடங்களில் கவனமாக நடக்குமாறும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களிலிருந்து விலகிச் செல்லுமாறும் பெருங்கௌசிகனார் அதில் அறிவுறுத்துகிறார். மலையின் அழகைப் பாடிய புலவரே அதன் இடர்களையும் மறைக்காமல் உரைத்துள்ளார்.

காலமும் இசைவும்

திட்டத்தின் முதற்படி, ஏற்ற பருவத்தைத் தெரிவு செய்தல். மழைக்காலத்தில் பாறைகள் வழுக்கும். ஓடைகள் திடீரெனப் பெருகும். கோடையின் தொடக்கத்தில் புல்வெளிகள் காய்ந்து எளிதில் தீப்பற்றும். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் குரங்கணி மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்திற்குச் சென்றிருந்தோருள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் தீ மேல்நோக்கியே விரைந்து பரவும். கீழே எரியும் சுடர், மேலுள்ள புல்லை முன்னதாகவே சூடாக்கிவிடுவதே இதற்குக் காரணம். ஆதலால், தீக்கு மேற்புறமாக ஏறி ஓடித் தப்ப முயல்வது பேரிடர். புல்லற்ற பாறைவெளி, நீரோடை ஆகியவை வழியில் எங்குள்ளன என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும்.

இவற்றை நன்கறிந்தவர்கள் வனத்துறையினரும் மலைவாழ் மக்களுமே. வனத்துறையின் இசைவு பெறுவதை வெறும் சடங்காகக் கருதலாகாது. யார், எத்தனை பேர், எவ்வழியில் சென்றனர் என்னும் பதிவு இருந்தால்தான் இடர் நேரும்போது தேடி வருவோர்க்குத் திசை தெரியும். தீ, மழை, விலங்கு நடமாட்டம் காரணமாக இசைவு மறுக்கப்பட்டால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

நேரக் கணக்கு

தொலைவை மட்டும் கொண்டு மலைவழியை அளக்க இயலாது. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய கணக்கை வகுத்தார். 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம். அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் மேலும் 1 மணி நேரம். 10 கிலோமீட்டர் நீளமும் 1200 மீட்டர் ஏற்றமும் கொண்ட வழிக்கு 2 மணியும் 2 மணியுமாக 4 மணி நேரம் தேவை. ஓய்வு, உணவு, பழக்கமின்மை ஆகியவற்றிற்குத் தனியே நேரம் சேர்த்தல் வேண்டும். குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம்.

குரங்கணிச் சரிவு கிழக்கு நோக்கியது. பிற்பகலில் கதிரவன் மலைக்குப் பின்னே சாய்வதால், அங்கு நிழல் விரைவில் படரும். எனவே, திரும்பும் நேரத்தை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். அந்நேரம் வந்ததும், முனை கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுதல் வேண்டும்.

முனையில் நிற்கும்போது

ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஆகவே, அடிவாரத்தில் வியர்த்தாலும் கம்பளியாடை தேவை. செங்குத்துப் பாறையின் விளிம்பு, மழையாலும் வேர்களாலும் உள்ளே பிளவுபட்டிருக்கலாம். மூடுபனியில் விளிம்பே புலப்படாது. விளிம்பிலிருந்து விலகி நின்று காண வேண்டும். ஒளிப்படம் எடுக்கப் பின்னோக்கி நடத்தல் கூடாது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 வழிகள் அறிவிக்கப்பட்டன. இணையவழி முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் இவ்வழிகளில் செல்லலாம்.