தழும்புள்ள கருப்பையில் பிரசவ வலி எவ்வளவு நேரம்?

தலைப்பிள்ளை சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவம் என்றால் வலி சீக்கிரம் முடிந்துவிடுமா? போடிநாயக்கனூரில் இருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்களுக்கு இது முக்கியமான கேள்வி.

வலி வருமுன்பே சிசேரியன் நடந்திருந்தால், கருப்பை வாய் அன்று விரிந்தே இருக்காது. அதனால் இரண்டாவது பிரசவமும் பெரும்பாலும் தலைப்பிரசவம் போலவே நீளும். தலைப்பிரசவத்தில் வாய் 5 சென்டிமீட்டர் விரிந்த பிறகு 12 மணி நேரம் வரைகூட ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2018). ஏற்கெனவே சுகப்பிரசவம் கண்டவருக்கு விரைவாக முடியும்.

விரிவது நடுவில் நின்றுபோனால் கவலை. வலியின்போது ஆயிரத்தில் ஐந்தாறு பேருக்குப் பழைய சிசேரியன் தழும்பு கிழியலாம். குழந்தையின் இதயத்துடிப்பு குறைவதே பெரும்பாலும் முதல் அறிகுறி. உடனே அறுவை சிகிச்சை வேண்டும்.

தோட்டத்துக்குப் போகும் போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு ஏது நேரம்? நாள் நெருங்கும்போதே மலையிறங்கி, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு அருகில் தங்கிவிட வேண்டும்.