தள்ளாடும் நேரத்தை நேராக்கும் பெட்டி

கல்யாண வீடியோ கேசட்டின் நாடா டெக்குக்குள் வினாடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. எறும்பு ஊரும் வேகம் அது. ஆனால் அசையும் படத்தைக் காந்தத் துகள்களில் பதிய, நாடாவும், அதில் எழுதிப் படிக்கும் காந்தமுனையான ஹெட்டும் வினாடிக்கு 4.8 மீட்டர் வேகத்தில் உரச வேண்டும். அந்த வேகத்தில் நாடாவையே ஓடவிட்டால், மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு 52 கிலோமீட்டர் நாடா தேவைப்படும். கேசட்டுக்குள் சுற்றியிருப்பதோ ஏறக்குறைய 250 மீட்டர்.

மீதி வேகத்தை எங்கிருந்து எடுப்பது? நாடா மெதுவாகப் போகட்டும், ஹெட் ஓடட்டும் என்று முடிவு செய்தார்கள் பொறியாளர்கள். ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் கொண்டுவந்த விஎச்எஸ் முறையில், 6.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒன்றில் எதிரெதிராக இரண்டு ஹெட்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் புழங்கிய பிஏஎல் வகை டெக்குகளில் அந்த டிரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. வேண்டிய வேகம் கிடைத்துவிட்டது.

டிரம் சற்றே சாய்ந்து நிற்பதால், ஹெட்கள் நாடாவின் குறுக்கே சாய்கோடுகளாக எழுதிச் செல்கின்றன. ஒரு கோட்டின் நீளம் சுமார் 10 சென்டிமீட்டர், அகலம் 0.049 மில்லிமீட்டர். அதில் அடங்குவது ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்குப் படம். மூன்று மணி நேரக் கேசட்டில் இப்படி 5,40,000 கோடுகள்! ‘டிராக்கிங்’ பொத்தானைத் திருகித் திருகிப் படத்தில் விழுந்த கோட்டை விரட்டிய அனைவரும், தங்களை அறியாமல், இந்த மெல்லிய தடத்தின் மேல் ஹெட்டைச் சரியாக உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை கோடுகளுக்கு நடுவே துளி இடைவெளிகூடக் கிடையாது. அப்படியானால் ஒரு கோட்டைப் படிக்கும்போது பக்கத்துக் கோட்டின் படமும் கலந்துவிடாதா? அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. ஹெட்டின் நுண்ணிய பிளவு, ஒரு ஹெட்டில் ஒரு பக்கம் 6 டிகிரி, மற்ற ஹெட்டில் எதிர்ப்பக்கம் 6 டிகிரி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தன்னைப் போலவே சாய்ந்து எழுதப்பட்டதை மட்டும் ஹெட் தெளிவாகப் படிக்கும். சாய்வு மாறியது அதற்கு ஏறக்குறையக் காதிலேயே விழாது.

இப்போது இந்தப் படத்தை டிவிடி வட்டுக்கு மாற்ற வேண்டும். டெக்கின் மஞ்சள் கம்பியில் படம், சிவப்பு வெள்ளைக் கம்பிகளில் ஒலி. மூன்றையும் டிவிடி ரெக்கார்டரில் செருகினால் நம் வேலை முடிந்தது, ரெக்கார்டரின் தலைவலி தொடங்குகிறது.

டிவி படத்தின் ஒவ்வொரு கிடைக்கோடும் கம்பி வழியே வந்து சேர 64 மைக்ரோ வினாடி ஆகிறது. அதில் காட்சிக்கு உரியது 52. மைக்ரோ வினாடி என்றால் வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பழைய நாடா கொஞ்சம் நீண்டிருந்து ஒரு கோடு ஒரே ஒரு மைக்ரோ வினாடி தாமதமாக வந்தாலும், அரை மீட்டர் அகலத் திரையில் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போய்விடும். படக்குழாய் டிவி இதைப் பெரிதுபடுத்தாது. கோடு எப்போது வருகிறதோ அப்போது வரையும், படம் ஆடினால் கூடவே ஆடும். ரெக்கார்டரின் கணினிச் சில்லுக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஒரு வினாடியை 1 கோடியே 35 லட்சம் பங்காக வெட்டி, ஒவ்வொரு பங்கிலும் அளவெடுப்பது அதன் வேலை. கோடு தள்ளாடினால் தூண் வளையும், கதவு நெளியும்.

ஆகவே நல்ல ரெக்கார்டர்களில் ‘டைம் பேஸ் கரெக்டர்’ என்ற சுற்று இருக்கும். நேரத்திருத்தி என்று வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னுமாக வரும் கோடுகளை அது நினைவகத்தில் பிடித்துவைத்து, குவார்ட்ஸ் படிகத்தின் பிசகாத துடிப்புக்கு ஏற்ப ஒவ்வொன்றாக வெளியே விடும். இருபது வருடம் பீரோவில் கிடந்து துவண்ட நாடாவின் நேரம் இங்கே நேராகிறது.

அடுத்த சிக்கல் இடம். ஒரு சட்டகத்துக்கு 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம், வினாடிக்கு 25 சட்டகம். இதை அப்படியே எழுதினால் வினாடிக்கு 2 கோடி பைட்டுக்கு மேல். 4.7 ஜிபி வட்டு நான்கு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். தாலி கட்டக்கூட நேரமிருக்காது. அதே வட்டில் இரண்டு மணி நேரம் அடங்குவது எம்பெக்-2 என்ற சுருக்க முறையால். முழுப் படத்தை அரை வினாடிக்கு ஒருமுறை மட்டும் அது எழுதுகிறது. இடைப்பட்ட சட்டகங்களுக்கு மாற்றம் மட்டும் போதும். மணமேடையின் பின்னணி அசைவதில்லை, அதைத் திரும்ப எழுத வேண்டாம். மாப்பிள்ளை தலையைத் திருப்பினால், இந்தக் கட்டம் இவ்வளவு நகர்ந்தது என்று ஒரு குறிப்பு போதும்.

இந்தச் சுருக்க முறை திணறுவது அட்சதை தூவும்போதுதான். நூற்றுக்கணக்கான அரிசிமணிகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் பறக்கின்றன. எதையும் முந்தைய சட்டகத்தைக் கொண்டு ஊகிக்க முடியாது. அந்தச் சில வினாடிகளில் படம் கட்டம் கட்டமாக உடைவதைப் பல கல்யாண டிவிடிகளில் பார்க்கலாம். பழைய நாடாவின் வெள்ளைப் புள்ளிகளும் அதே வகைதான்; அவை அழுக்கு என்று ரெக்கார்டருக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் காட்சியாக எண்ணி இடம் ஒதுக்கும், முகத்துக்குச் சேர வேண்டிய பங்கு புள்ளிக்குப் போகும். வெண்பூஞ்சை பூத்த கேசட்டைத் துடைக்காமல் ஓட்டினால் ஹெட் அடைத்துக்கொண்டு புள்ளி இன்னும் பெருகும். படத்தின் தரம் பாதி தீர்மானமாவது டெக்கைச் சுத்தம் செய்யும்போதே.

கடைசியில் எழுத்து வேலை. 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு லேசர், வட்டிலுள்ள சாயப்படலத்தைச் சுட்டுக் குறிகள் இடுகிறது. மிகச் சிறிய குறி 0.4 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் 2,500 அடங்கும். அவை அமரும் சுருள்தடத்தைப் பிரித்து நீட்டினால் சுமார் 12 கிலோமீட்டர், நடந்தால் இரண்டரை மணி நேரம். கீறல் விழுந்தால்? 1960இல் இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் என்ற இருவர் வகுத்த கணித முறைப்படி, தரவோடு கூடுதலாகச் சில எண்களும் எழுதப்படுகின்றன. அழிந்த எண்களை மிஞ்சியவற்றிலிருந்து கணக்குப் போட்டே மீட்டுவிடலாம். இறுதியாக ‘ஃபைனலைஸ்’ கொடுத்தால்தான் மற்ற பிளேயர்கள் அந்த வட்டைப் படிக்கும்.

மூன்று மணி நேரக் கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும். ஹெட் ஒரு சாய்கோட்டைப் படிக்கும் வேகத்தைக் கூட்ட வழியில்லை. ஆனால் இந்தப் பொறுமை ஒரே ஒரு முறைக்குத்தான். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் நிறம் மங்கும். வட்டில் இருப்பவை எண்கள். எத்தனை பிரதி எடுத்தாலும் ஒரு எண்கூட மாறாது. வட்டின் சாயமும் ஒருநாள் வெளுக்கும் என்பதால், அதற்குள் ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் போட்டுவைப்பது நல்லது. சில நிமிட வேலை. டெக்கின் கதைதான் வேறு. உலகில் அதைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், வீட்டுக் கேசட்டுகளை இந்த வருடமே ஏற்றிவிடுங்கள்.