புள்ளி வைத்த பரம்பரையலகுகள்: வாய்ப் புற்றுநோய் பற்றிய விளக்கம்



தொற்றா நோய்கள் என்னும் பகுதியில் புற்றுநோய்க்கு வரைவிலக்கணம் கேட்டால், "கலங்கள் கட்டுப்பாடின்றிப் பிரிவடைதல்" என்று எழுதிவிடுவீர்கள். சரியான விடைதான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எங்கே இருந்தது, எப்படிப் போயிற்று, உடலின் நிர்ப்பீடனத் தொகுதி ஏன் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டால் பேனா நின்றுவிடும். இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் வாய்ப் புற்றுநோயை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

உங்கள் உடலின் எல்லாக் கலங்களிலும் ஏறத்தாழ ஒரே பரம்பரையலகுகள்தான் உள்ளன. கண்ணுக்கும் நாக்குக்கும் புத்தகம் ஒன்றே. வாசிக்கப்படும் பக்கங்கள்தான் வேறு. எந்தப் பக்கம் வாசிக்கப்பட வேண்டும் என்பதைச் சில இரசாயனக் குறிகள் தீர்மானிக்கின்றன. அவற்றில் முக்கியமானது மெதைல் கூட்டம்: ஒரு காபன் அணு, மூன்று ஐதரசன் அணுக்கள், அவ்வளவுதான். இது டி.என்.ஏ.யிலுள்ள சைற்றோசின் என்னும் மூலத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நான் கலைப் பட்டதாரி. ஆகவே எனக்கு விளங்கிய விதத்திலேயே சொல்கிறேன். 'க' என்ற எழுத்தின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். எழுத்து அதேதான், ஆனால் அதன் அகர ஒலி அடங்கி 'க்' ஆகிவிட்டது. பரம்பரையலகின் தொடக்கப் பகுதியில் மெதைல் குறிகள் நிறையச் சேர்ந்தால் பெரும்பாலும் இதுவே நடக்கும். எழுத்து வரிசை மாறாது. அந்தப் பரம்பரையலகு மௌனமாகிவிடும், அதற்குரிய புரதம் உண்டாகாது. விகாரம் என்பது வேறு. அங்கே எழுத்தே மாறிவிடுகிறது. "மெதைல் குறியால் டி.என்.ஏ.யின் எழுத்து வரிசை மாறுகிறது" என்று எழுதுவது மாணவர்கள் அடிக்கடி விடும் பிழை.

இனி வெற்றிலைக்கு வருவோம். உப்புவெளியிலோ உங்கள் ஊரிலோ வெற்றிலைத் தட்டம் இல்லாத நல்ல காரியம் உண்டா? "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்லும் பெரியவர்களையும் கண்டிருப்பீர்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கையின்படி, புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும்; பாக்கும் அவ்வாறே. மெல்லும் புகையிலைப் பொருட்களின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகியன 2016இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. சாதாரண பாக்கு அந்தத் தடையில் அடங்கவில்லை.

2008இல் வெளியான ஓர் ஆய்வு நமது நாட்டைப் பற்றியது. இலங்கையில் வெற்றிலை மெல்பவர்களின் வாயில் தோன்றும், புற்றுநோய்க்கு முந்திய நிலையிலுள்ள மாற்றங்கள் அதில் ஆராயப்பட்டன. பி14, பி15, பி16 என்னும் மூன்று பரம்பரையலகுகளிலும் மெதைல் குறிகள் அடிக்கடி மிகையாகக் காணப்பட்டன. இம்மூன்றும் கலப்பிரிவுக்குத் தடை போடுபவை. கவனியுங்கள்: புற்றுநோய் வருமுன்பே, வாயில் ஒரு வெண்படலம் மட்டும் இருக்கும்போதே, இந்தப் புள்ளிகள் விழத் தொடங்கிவிடுகின்றன.

எனது பெரியப்பா கரைவலைத் தொழிலாளி. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. நோகவில்லை என்றபடியால் ஒருவரிடமும் காட்டவில்லை. வாயைத் திறந்து சோறு உண்ண முடியாமல் போன பின்னர்தான் வைத்தியசாலைக்குப் போனார்.

நிர்ப்பீடனத் தொகுதி எங்கே போயிற்று? 2009இல் போர் முடியுமுன் திருகோணமலையில் சோதனைச் சாவடிகள் பல இருந்தன. பாடசாலை மாணவனாக நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். அடையாள அட்டையைக் கண்டதும் கையசைத்துப் போகவிடுவார்கள். உடலிலும் இவ்வாறான ஏற்பாடு உண்டு. ரி கலங்கள் என்னும் வெண்குழியங்களின் மேற்பரப்பில் பி.டி.-1 என்ற புரதம் உள்ளது. எதிரேயுள்ள கலம் பி.டி.-எல்1 என்ற புரதத்தைக் காட்டினால் இரண்டும் பொருந்தும். ரி கலம் தாக்குதலைத் தணித்துக்கொள்ளும். நமது சொந்த இழையங்களை நமது படையே அழித்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. புற்றுநோய்க் கலம் இந்த அட்டையையே தனக்கும் எடுத்துக்கொள்கிறது.

இங்கே புள்ளி தலைகீழாக வேலை செய்கிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், பி.டி.-எல்1 பரம்பரையலகில் மெதைல் குறி கூடிய கட்டிகளில் அது அடங்கியிருப்பதையும், குறி குறைந்தவற்றில் கூடுதலாக வாசிக்கப்படுவதையும் கண்டனர். பி16இல் புள்ளி விழுந்தால் கலப்பிரிவின் தடை போகும். பி.டி.-எல்1இல் புள்ளி அழிந்தால் அட்டை கூடும். இரண்டு வழியிலும் நட்டம் நோயாளிக்கே.

இந்தத் தடுப்பை விடுவிக்கும் வழியைக் கண்டறிந்தமைக்காக அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் யப்பானியரான தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பி.டி.-1ஐ மறைக்கும் பிறபொருளெதிரி மருந்துகள் 2016இல் அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டன. ஆனால் அந்த அனுமதிக்கு அடிப்படையான பரிசோதனைகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது.

அப்படியானால் மெதைல் குறிகளையே அழித்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அத்தகைய மருந்தும் உண்டு. அசாசிற்றிடீன் 2004 முதல் ஒரு வகை எலும்பு மச்சை நோய்க்குப் பயன்படுகிறது. சிக்கல் என்னவென்றால், அழிறப்பருக்கு எந்தப் புள்ளியை அழிப்பது என்று தெரியாது. பி16ஐப் பேசவைக்கும் அதே மருந்து பி.டி.-எல்1 அட்டையையும் கூட்டிவிடலாம். இதனால்தான் இவ்விரு வகை மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

பயிற்சி வினா: வெற்றிலை மெல்லும் 52 வயதான மீனவர் ஒருவரின் கன்னத்தின் உட்புறத்தில் நோவற்ற வெண்படலம் ஒன்று இரண்டு வாரங்களுக்கு மேலாக உள்ளது.
(அ) இக்கலங்களில் பி16 பரம்பரையலகுக்கு என்ன நேர்ந்திருக்கக்கூடும்?
(ஆ) அது விகாரத்திலிருந்து எவ்வாறு வேறுபடும்?
(இ) "நோகவில்லைதானே" என்று கூறும் அவருக்கு நீர் அளிக்கும் விடையை இரண்டு வாக்கியங்களில் எழுதுக.

(இ) பகுதிக்கு எழுதும் விடையை வீட்டில் வெற்றிலை போடும் ஒருவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.